நீர்நாயகம் விலகிய செய்தியை உள்ளபடி முரசறைந்தவளுக்கு நன்றியோலை

நலம் உண்டாகுக. ஏரிகள் நிறைக, மடைகள் தடையின்றித் திறக்க, கதிர்கள் தலை சாய்க.

மருதாற்றின் இருகரைக்கும் நிழலாகிய வெண்குடைக்கு உரியவரும், வெள்ளாம்பூர்க் கோட்டையில் வீற்றிருந்து அரசாள்பவரும், பஞ்சம் வந்தபோது அரண்மனைக் களஞ்சியத்தின் தாழ்ப்பாளைத் தம் கையாலேயே நீக்கியவருமாகிய கோப்பெருந்தேவி அரிஞ்சிகையார் திருவாய் மலர்ந்தருள, அதனை ஓலைநாயகம் திருமழவன் எழுத்தாணி பிடித்து எழுதி, ஆலஞ்சந்தையை அடுத்த கூவல்மேட்டு ஊரவைப் பெருமக்களுக்கும், அச்சந்தையில் முரசறையும் வெண்ணி என்பாளுக்கும் விடுக்கும் ஓலை. உங்கள் ஊர்க் கிணறு ஊறுக, தொழுவங்கள் நிறைக, பிள்ளைகள் நோயின்றி வளர்க.

அரண்மனை ஓலை வந்தது என்றாலே ஊரவையார் வரிக்கணக்கைத் தேடத் தொடங்குவர் என்பதைத் தேவியார் அறிவார். இவ்வோலை வரி கேட்க வரவில்லை. படைக்கு ஆள் கேட்க வரவில்லை. யானைக்குத் தழை கேட்கவும் வரவில்லை. நன்றி சொல்ல வந்திருக்கிறது. நன்றி கேட்டே பழகிய அரண்மனைக்கு அதைச் சொல்லிப் பழக்கம் குறைவு. ஆகையால் சொல் எங்கேனும் நீண்டுவிட்டால் பொறுத்துக்கொள்க.

நடந்ததை முதலிலிருந்து சொல்லுமாறு தேவியாரின் ஆணை. கேட்டது பாதி, கேளாதது பாதியாக நாடெங்கும் உலவும் இச்செய்தி ஓரிடத்திலாவது முழுமையாக இருக்கட்டும் என்பது அவர் கருத்து.

உங்கள் ஊரில் பிறந்த இளங்காரியார், தேவியாரின் தந்தையார் காலந்தொட்டு இந்நாட்டின் ஏரிகளுக்கும் மடைகளுக்கும் தலைவராக, நீர்நாயகம் என்னும் பெரும்பொறுப்பில் இருந்தவர். சென்ற அறுவடை முடிந்ததும் அவர் அவைக்கு வந்து, தம் மனைவி மருதியாரின் கண்ணில் புகை படர்ந்துவிட்டதென்றும், தலைநகருக்கு அழைத்தால் அவர் வர மறுக்கிறார் என்றும் விண்ணப்பித்தார். கூவல்மேட்டு வீட்டில் அடுப்பிலிருந்து கிணற்றுக்கும், கிணற்றிலிருந்து தொழுவத்துக்கும் காலே வழியறியும், புதுவீட்டுக்கு வந்தால் தாம் அன்றைக்கே குருடி என்று மருதியார் சொல்லிவிட்டாராம். ஆதலால் தாமே ஊர் திரும்ப விடைதர வேண்டுமென்று இளங்காரியார் கேட்டார். தேவியார் தம் கையால் வெற்றிலை மடித்துக் கொடுத்து விடைகொடுத்தார். அப்போது அவர் கண் கலங்கியது. இதை எழுத வேண்டாமென்று அவர் சொல்லவில்லை என்பதால் எழுதுகிறேன்.

அன்று அரண்மனை நாடெங்கும் விடுத்த ஓலையோ, இளங்காரி நீர்நாயகப் பொறுப்பினின்று விலகினார், அப்பொறுப்பு மாத்தூர்க் கண்டனைச் சேர்ந்தது என்று மட்டுமே சொன்னது. காரணம் சொல்வது அரண்மனை வழக்கமன்று. முன்னோர் அதைக் கௌரவம் என்று எண்ணினர். சொல்லாமல் விட்ட காரணத்தை நாடு சும்மா விடுமா என்று ஒருவரும் எண்ணவில்லை.

சந்தைதோறும் செய்தி அறையும் முரசர்கள் எங்ஙனம் வேலை செய்வர் என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எனினும் வழக்கம் அறியாத வேற்றூரார் இவ்வோலையைப் படிக்கக் கூடும். முரசர் ஓலையை மட்டும் நம்புவதில்லை. கோட்டை வாயில்களுக்கு எதிரே ஆள் வைத்துப் பதவி விலகுவோரின் கோலத்தைப் பார்த்து வரச் சொல்வர். சிறப்போடு விலகுபவர் செருப்பணிந்து, மயிற்பீலிக்குடை பிடித்து, கிழக்கு வாயிலால் செல்வார். விலக்கப்பட்டவரோ வெறுங்காலோடு, குடையின்றி, மேற்கு வாயிலால் வெளியேற வேண்டும். விலகுபவரிடமே சென்று கேட்பதற்கோ முரசர்க்கு உரிமையில்லை. பண்டு ஒரு முரசன் ஓர் அதிகாரியிடம் பசு ஒன்றை வாங்கிக்கொண்டு அவரைத் தெய்வமாக்கி அறைந்துவிட்டானாம்; அன்றிலிருந்து செய்திக்கு உரியவரோடு பேசுபவர் முரசை இழக்க வேண்டும் என்று முரசர் குழு விதித்துவிட்டது.

இளங்காரியார் அன்று சென்றது மேற்கு வாயிலால். காலில் செருப்பில்லை. தலைக்கு மேல் குடையுமில்லை.

அவ்வளவுதான், வடசந்தை முரசனுக்குத் திருவிழா வந்துவிட்டது. அவன் அன்றைக்கே, தேவியார் சினந்து நீர்நாயகத்தைத் துரத்தினார் என்று அறைந்தான். அடுத்த சந்தையில், மடைக்கல் விற்றுத் தின்றதால் துரத்தினார் என்றான். அதற்கும் அடுத்த சந்தையில், துரத்தும்போது காவலர் அடித்ததில் அவர் பல் ஒன்று விழுந்தது என்றும், அதைத் தன் ஆள் கண்டான் என்றும் சேர்த்துக்கொண்டான். கேட்பவர் ஆளுக்கொரு பிடி தானியம் போடுவது வழக்கமாதலால், பல்லும் கல்லும் அவன் வீட்டுப் பத்தாயத்தை நிறைத்தன.

கடற்றுறை முரசன் அவனைவிடக் கெட்டிக்காரன். அரண்மனை மடைப்பள்ளியை நன்கறிந்தோர் சிலர் ஒன்று சொல்கின்றனர், வேறு சிலர் வேறொன்று சொல்கின்றனர், நாம் ஒன்றும் சொல்வதற்கில்லை என்று அறைந்து, எல்லாவற்றையும் சொல்லி முடித்தான். மடைப்பள்ளியாரை அழைத்து விசாரித்ததில், அன்று அவர்கள் பலாக்கொட்டை உரித்துக்கொண்டிருந்தனர் என்பதைத் தவிர வேறெதுவும் தெரியவரவில்லை.

தலைநகர் முரசனோ அரண்மனைக்கு அண்மையில் குடியிருப்பவன், பணிவு மிகுந்தவன். அவன் இளங்காரியாரின் குணங்களை உருக்கமாக, ஒப்பாரி போல அறைந்ததில், கேட்டவர் அவர் இறந்துபோனார் என்றே கொண்டனர். அவருடைய மைத்துனர் ஒருவர் கோடித்துணியோடு அழுதுகொண்டே, இளங்காரியார் வழியேரிகளைப் பார்த்தபடி தங்கியிருந்த விடுதிக்கு ஓடிவந்தார். வந்தவருக்கு அவரே இலை போட்டுச் சோறிட வேண்டியதாயிற்று. தேவியார் இப்பகுதியைச் சொல்லும்போது சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

ஏனென்றால், வடசந்தைச் செய்தி வண்டிக்காரர் வாய்வழியே கூவல்மேட்டை எட்டியிருந்தது. குற்றத்துக்காக விலக்கப்பட்டவனுக்கு ஊர் நெருப்பும் நீரும் கொடுப்பதில்லை என்பதும், அவன் வீட்டு வாசலில் முள் வெட்டிப் போடுவர் என்பதும் உங்கள் ஊரின் பழைய கட்டுப்பாடு. அதைத் தேவியார் குறை சொல்லவில்லை. பொதுச்சொத்தைத் தின்றவனுக்கு அது தகும். ஆனால் அன்று முள் விழுந்தது மருதியார் வாசலில். கண் மங்கிய அவர் விடியலில் குடத்தோடு வெளியே வந்து, கையால் துழாவித்தான் அதை அறிந்தார். கிணற்றடியில் பெண்கள் விலகி நின்றனர். அவர் வெறுங்குடத்தோடு வீடு திரும்பிவிட்டார்.

இதைக் கேள்வியுற்ற தேவியார் குதிரை வீரரை அனுப்பி முள்ளை அகற்ற முனைந்தார். அதற்குள் இளங்காரியாரிடமிருந்து சொல் வந்தது. படை வந்து முள்ளை எடுத்தால் ஊர் வழிவிடும், ஆனால் முகம் கொடுத்துப் பேசாது என்றும், தம் மனைவி இனி அந்த ஊராரின் கையைப் பிடித்துத்தான் நடக்க வேண்டும் என்றும், ஆகவே அருள்கூர்ந்து பொறுக்க வேண்டும் என்றும் அவர் வேண்டியிருந்தார். தேவியார் பொறுத்தார். அரசருக்குப் பொறுப்பதைவிடப் படை அனுப்புவது எளிது என்பதை அருகிருந்து பார்த்தவன் இதை எழுதுகிறேன்.

இனி வெண்ணியின் செய்தி.

கூவல்மேட்டார் கூடும் ஆலஞ்சந்தையில் முரசறைபவள் வெண்ணி. கணவன் இறந்தபின் அவன் முரசைத் தோளில் மாட்டிக்கொண்டவள். பெண்குரல் சந்தை இரைச்சலில் எடுபடுமா என்று கேலி பேசியவர்கள், அவள் வாய் திறந்த முதல்நாளே அந்தப் பேச்சை விட்டுவிட்டார்களாம். அவளிடம் அரண்மனையின் வறண்ட ஓலையும் வந்திருந்தது. வடசந்தையின் ஈரச் செய்தியும் வந்திருந்தது. சந்தைக்கு வந்தவர்கள் காலையிலேயே அவளைச் சூழ்ந்துகொண்டு, பல் விழுந்த கதையைச் சொல்லச் சொல்லிக் கேட்டனர். அவளும் சொல்லத்தான் இருந்தாள். வீட்டில் தானியப் பானை காலி என்பதை, பின்பு இந்த அவைக்கு வந்து நடந்ததைச் சொன்னபோது அவள் மறைக்கவில்லை.

அப்போது பானை விற்பவன் ஒருவன், இளங்காரியார் சந்தைக்கு வெளியே இலுப்பைத் தோப்பில் உட்கார்ந்திருக்கிறார் என்றும், ஊருக்குப் போகாமல் அங்கேயே கட்டுச்சோறு தின்கிறார் என்றும் வந்து சொன்னான். வெண்ணிக்குக் கோல் பிடித்த கை ஓங்கியபடியே நின்றுவிட்டது. செய்தியின் சொந்தக்காரர் கூப்பிடு தொலைவில் இருக்கிறார். அவரைப் பற்றி வடக்கே எவனோ சொன்னதைத் தான் இங்கே நின்று கூவுவதா என்று அவளுக்கு வெட்கமாகப் போயிற்று. கேட்டால் முரசு போகும், கேட்காவிட்டால் அந்த மனிதர் வீடு சேரமாட்டார் என்று அவள் நினைத்தாள். நினைத்ததோடு அழுகையும் வந்தது என்றாள். முரசைக் கழற்றிப் பானைக்காரனிடம் கொடுத்துவிட்டு நேரே தோப்புக்குப் போனாள்.

ஏன் மேற்கு வாயிலால் வெளியேறினீர் என்று முதலில் கேட்டாளாம். பெரிய ஏரியின் கரை அந்த வாயிற்படியிலேதானே தொடங்குகிறது, ஏரியிடம் சொல்லிக்கொள்ளாமல் எப்படிப் போவது என்றார் அவர். செருப்பு எங்கே என்றாள். ஏரிக்கரையில் செருப்போடு நடக்கிற நீர்க்காரன் எங்கேனும் உண்டா என்று அவர் திருப்பிக் கேட்டார். உண்மைதான், கரையை மிதியடியோடு மிதிப்பதில்லை என்பது மடைக் காவலன் முதல் நீர்நாயகம் வரை எல்லார்க்கும் பொது ஒழுக்கம். முரசர் அனுப்பிய ஆட்களுக்கு அது தெரியவில்லை. குடை என்னவாயிற்று என்றாள். வாயிலுக்கு உட்புறம், கரைக்குக் கல் சுமக்கும் பெண்ணொருத்தி வெயிலில் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள், இனி எனக்கெதற்குப் பீலிக்குடை என்று கொடுத்துவிட்டேன் என்றார்.

இவ்வளவோடு வெண்ணி திரும்பியிருக்கலாம். அவள் திரும்பவில்லை. நீர் செய்த குற்றம் ஏதும் உண்டா என்று கேட்டாள்.

இளங்காரியார் சோற்றுக் கையைக் கழுவிவிட்டு, உண்டு என்றார். கூவல்மேட்டு ஏரியின் கடைமடை இடிந்து கிடப்பது தமக்குத் தெரியும் என்றும், சொந்த ஊருக்கு முதலில் செய்துகொண்டான் என்று நாடு பேசுமே என அஞ்சி அதை ஆண்டுதோறும் தள்ளிவைத்தவர் தாமே என்றும், கடைமடைக் கழனிகள் காய்ந்தது தம் பேருக்காகத்தான் என்றும் சொன்னார். வெண்ணி திகைத்துப்போய், இதை விட்டுவிட்டு மற்றதை மட்டும் அறையலாமா என்று கேட்டாள். அறைந்தால் முழுதும் அறை, இல்லையேல் ஒன்றும் அறைய வேண்டாம் என்றார் அவர். முள் விழுந்த வீட்டுக்காரர் சொல்கிற பேச்சா இது என்று அவளுக்குக் கோபம்கூட வந்ததாம்.

அவள் சந்தைக்குத் திரும்பி முரசறைந்தாள். நீர்நாயகம் தாமே விலகினார் என்றாள். வாயிலுக்கும் செருப்புக்கும் குடைக்கும் உரிய காரணங்களைச் சொன்னாள். பல் எல்லாம் இருக்கிறது, தன் எதிரே முறுக்கு வற்றல் கடித்தார் என்றாள். மனைவியின் கண் மங்கியதால் வருகிறார் என்று அவர் சொன்னதைச் சொல்லி, அந்தக் கண்ணைத் தான் பார்த்ததில்லை, அந்த அம்மாளோடு ஒரே கிணற்றில் நீர் சேந்தும் கூவல்மேட்டார்தான் பார்த்திருப்பார்கள் என்றும் சொன்னாள். கூட்டத்தில் இருந்த உங்கள் ஊர்ப் பெண்கள், கொஞ்ச நாளாக மருதியார் குடத்தின் வாய் தெரியாமல் வெளியே நீர் ஊற்றுவதை நினைத்துக்கொண்டு தலை குனிந்தனர். அதன்பின் வெண்ணி கடைமடைச் செய்தியையும் அறைந்தாள். இவற்றை அவரிடமே கேட்டேன், விதியை மீறிக் கேட்டேன், முரசைப் பறிப்பவர் பறிக்கட்டும் என்று முடித்தாள்.

 பிடி தானியம் ஒருவரும் போடவில்லை. துரத்தப்படவில்லை என்று தெரிந்தது. ஆனால் காய்ந்த கழனிக்குக் காரணம் அவரே என்றும் தெரிந்துவிட்டது. முள்ளை எடுப்பதா, இன்னும் ஒரு கட்டு வெட்டிப் போடுவதா என்று ஊரவையார் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தனர். தன் முரசையும் இழந்து அவர் வீட்டையும் கெடுத்தேனோ என்று வெண்ணி அஞ்சி நின்றாள்.

அப்போது எழுந்தவர், கடைமடையில் நிலம் வைத்திருந்து அதில் புல்லைத் தவிர வேறொன்றும் காணாத சடைச்சி என்னும் பெண்மணி. அவர் சொன்னதை அரண்மனை நடையில் மாற்றாமல், வெண்ணி வந்து சொன்னபடி, அவர் வாய்ச்சொல்லாகவே எழுதத் தேவியார் பணித்தருளினார். ஓலைமரபில் இதற்கு இடமில்லை என்று நான் விண்ணப்பித்தேன். இடம் உண்டாக்கு என்றார்.

“என் நெலம் காஞ்சதுக்கு அந்த மனுசனை நான் வையணும். வயிறெரிய வையணும். முள்ளுக்கு அந்தப் பக்கம் நிக்கிற ஆளை எப்படி வையிறது? கேக்குமா அவருக்கு? எடுங்க முள்ளை. உள்ள வந்து உக்காந்து வாங்கிக்கட்டும். களவாணிக்குத்தான் முள்ளு. தப்புப் பண்ணின நம்ம வீட்டு ஆளுக்கு எதுக்கு?”

சொல்லிவிட்டு அவர் நிற்கவில்லை. கூவல்மேடு வரை நடந்து, தம் கையாலேயே முள்ளை இழுத்துப் போட்டார். பின்னாலேயே வந்த பெண்களில் ஒருத்தி சட்டியில் நெருப்பும் இன்னொருத்தி குடத்தில் நீரும் கொண்டுவந்தனர். ஊரவையார் இலுப்பைத் தோப்புக்குச் சென்று இளங்காரியாரை அழைத்து வந்தனர். அவர் வந்து தம் வீட்டு வாசலில், வெறுந்தரையில் அமர்ந்தார். சடைச்சியார் சொன்ன சொல் தவறாதவர். விளக்கு வைக்கும் வரை வைதார். இடையில் மூச்சு வாங்கியபோது மற்றவர் எடுத்துக் கொடுத்தனர். இளங்காரியார் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டி ஏற்றுக்கொண்டார். எல்லாம் ஓய்ந்தபின் மருதியார் கதவைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்து, வைதவர்களும் வாங்கியவரும் சாப்பிட்டுவிட்டுப் போகலாம், உலை கொதிக்கிறது என்றார்.

இதுவே நடந்தது. பட்டம் கட்டி, பரிவட்டம் கட்டி, யானைமேல் ஏற்றி அனுப்பியிருந்தாலும் இத்தகைய வழியனுப்புதல் தமக்குக் கிடைத்திராது என்று இளங்காரியார் தேவியாருக்குச் சொல்லியனுப்பினார்.

ஆகவே கூவல்மேட்டு ஊரவைப் பெருமக்களே, போட்ட முள்ளை நீங்களாகவே எடுத்தமைக்காகத் தேவியார் உங்களுக்கு நன்றி செலுத்துகிறார். ஆணைக்கு அஞ்சி எடுத்திருந்தால் இந்நன்றிக்கு வேலையில்லை. சடைச்சியாருக்குத் தனியே நன்றி. தம் பணியாளரை இங்ஙனம் உரிமையோடு வையும் குடிமக்கள் தமக்கு வாய்த்திருப்பதை எண்ணித் தேவியார் மகிழ்கிறார். தம்மை வைய வேண்டியிருந்தாலும் சடைச்சியார் தயங்காமல் வெள்ளாம்பூருக்கு வரலாம், வழிச்செலவு அரண்மனையுடையது.

வெண்ணிக்குச் செலுத்தும் நன்றி இவை எல்லாவற்றினும் பெரிது. விதி மீறிய அவளிடமிருந்து முரசைப் பறிக்க வேண்டுமென்று முரசர் குழு இந்த அவையில் முறையிட்டது. வடசந்தை முரசன்தான் உரக்கப் பேசினான். முறையீடு தள்ளப்பட்டது. விலகுபவரின் காலைப் பார்த்து வரலாம், வாயைக் கேட்கலாகாது என்னும் விதி இன்றோடு நீங்குக. முரசர் இனிச் செய்திக்கு உரியவரிடம், நால்வர் அறியக் கேட்டு, வெற்றிலைகூட வாங்காமல் திரும்பி, அவர் சொன்னதை அவர் சொன்னதாகவும், தாம் கண்டதைத் தாம் கண்டதாகவும் அறைக. வடசந்தை முரசன் அடுத்த சந்தையில் இவ்வோலை முழுதையும், பல் உட்பட, அறைக. அன்று அவனுக்குத் தானியம் போடுவதும் போடாததும் கேட்பவர் விருப்பம். அரண்மனையும் தன் வழக்கத்தைத் திருத்திக்கொள்ளும். இனிப் பதவி நீங்குவோரின் காரணம், அவர் இசைந்தால், ஓலையிலேயே எழுதப்படும்.

கடைமடையைப் பொறுத்தவரை, இந்நிகழ்ச்சியைக் காட்டித் தம் ஊருக்கு முந்திச் செய்ய வேண்டாம், முறை வரும்போது செய்தால் போதும் என்று இளங்காரியார் மறுபடியும் எழுதியிருக்கிறார். மனிதர் திருந்தவில்லை. அதன் முறை வந்து நெடுங்காலம் ஆயிற்று என்று புதிய நீர்நாயகம் கண்டனார் கூறியதால், இவ்வோலை கொண்டுவரும் ஆளோடு கல்தச்சரும் வருகின்றனர். அவர்களுக்குத் தங்க இடம் கொடுத்து உதவுக.

ஆணைகள் இத்துடன் முடிந்தன. இனி வருவது ஆணையன்று. தேவியார் வெண்ணியிடம் கேட்டுக்கொள்வது. தாமும் ஒருநாள் இந்த இருக்கையை விட்டு நீங்க வேண்டியவர். மூப்பாலோ, பிழையாலோ, மக்கள் வேண்டாமென்றதாலோ, அது எவ்வாறு நேரும் என்று இன்று சொல்வதற்கில்லை. அந்நாளில் எவர் எந்த வாயிலில் நின்று என்ன கோலம் கண்டாலும், வெண்ணியோ அவள் வழிவந்தவரோ நேரே தம்மிடம் வந்து, நீர் செய்த குற்றம் ஏதும் உண்டா என்று கேட்க வேண்டும். தேவியார் சொல்லும் விடையை ஒன்றும் விடாமல் அறைய வேண்டும்.

இவ்வண்ணம் எழுதியவற்றை வாசிக்கக் கேட்டு, ஒரு சொல்லும் குறைக்காமல், கோப்பெருந்தேவி அரிஞ்சிகையார் தம் விரல் மோதிரத்தால் அரக்கில் இலச்சினை பதித்தருளினார். மருதாறு சான்று. ஓலை சேர்க, ஊர் வாழ்க.